ஜெல் ஓட்ட பஃபர் கலக்குவது எப்படி: டிஏஇ, டிபிஇ, அவற்றோடு வரும் வம்புகள்

டிஎன்ஏ துண்டுகளை மின்சாரம் விட்டு அளவுவாரியாகப் பிரிக்கத்தான் அகரோஸ் ஜெல் ஓட்டுகிறோம். பேண்ட் (ஜெல்லில் தெரியும் டிஎன்ஏ கோடு) எல்லாம் வளைந்து சிரிக்கிறது, லேடர் (அளவு தெரிந்த துண்டுகளின் கலவை) பிரியாமல் இழுத்துக்கொண்டு போகிறது, ஒரு மணி நேரம் ஆகியும் சாயம் கிணற்றைவிட்டு (மாதிரி ஊற்றும் குழி) நகரவில்லை, ஜெல்லே இளகிவிட்டது. இப்படி யாராவது வந்து நின்றால் நான் டிஎன்ஏவைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் பஃபரைப் பற்றித்தான் கேட்பேன். யார் கலக்கியது, எந்த பாட்டிலில் இருந்து எடுத்தது, எத்தனை மடங்கு நீர்த்தது? பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். எம்.எஸ்சி. முதலாண்டில் செய்முறைப் புத்தகம் பஃபருக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கும், "1எக்ஸ் டிஏஇ ஊற்றவும்" என்று. டிஏஇ என்றால் டிரிஸ், அசிட்டேட், ஈடிடிஏ மூன்றும் சேர்ந்த பஃபர், டிபிஇ-யில் அசிட்டேட்டுக்குப் பதில் போரேட். 1எக்ஸ் என்பது ஓட்டும் செறிவு, 50எக்ஸ் என்றால் அதைப்போல் 50 மடங்கு. அந்த 1எக்ஸ் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. இந்தக் கரைசலுக்கு இரண்டு வேலை உண்டு. பிஹெச் அளவை 8-க்குச் சற்று மேலே பிடித்து நிறுத்துவது ஒன்று. மின்சாரத்தைக் கடத்துவது இன்னொன்று. எல்லோரும் முதல் வேலையை மட்டும் நினைத்துக்கொண்டு பிஹெச் மீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், ஆனால் ஜெல் ஓட்டும்போது நம்மைப் படுத்துவது பெரும்பாலும் இரண்டாவது வேலைதான். கரைசலில் அயனிகள் அதிகமாகிவிட்டால் மின்னோட்டம் ஏறும், சூடு ஏறும், பேண்ட் வளையும், கடைசியில் அகரோஸ் இளகும். அயனிகள் குறைந்தால் டிஎன்ஏ அசையாது. அதனால்தான் டிஏஇ, டிபிஇ இரண்டுக்கும் சரியான பொருளைச் சரியான எடையில் போட்டுவிட்டுப் பிஹெச் எங்கே போய் நிற்கிறதோ அங்கேயே விட்டுவிடுவார்கள். அதை ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு "திருத்த" ஆரம்பித்தால் தேவையில்லாத குளோரைடு அயனி உள்ளே வந்துவிடும். மீட்டரில் எண் அழகாக இருக்கும், ஜெல் கொதிக்கும்.

எந்த டிரிஸ், எந்த ஈடிடிஏ

அலமாரியில் "டிரிஸ்" என்று எழுதிய பாட்டில் இரண்டு இருக்கும். ஒன்று டிரிஸ் பேஸ், மூலக்கூறு எடை 121.14. இன்னொன்று டிரிஸ் ஹைட்ரோகுளோரைடு, மூலக்கூறு எடை 157.6. நமக்கு வேண்டியது முதலாவது. பெயர் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பாட்டில் நிறமும் மாறும், ஆனால் மூலக்கூறு எடை மாறாது, எனவே லேபிளில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு எடுங்கள். தவறுதலாக ஹைட்ரோகுளோரைடைப் போட்டு டிஏஇ கலக்கினால் பிஹெச் நேராக அமிலப் பக்கம் போய் விழும். அதைச் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுத் தூக்கி நிறுத்தலாம் என்று பார்த்தால் லிட்டருக்கு இரண்டு மோல் உப்பு சேர்ந்ததுதான் மிச்சம். அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது மேல்.

ஈடிடிஏ-யிலும் இதே கதைதான். டைசோடியம் உப்பு, இரண்டு நீர் மூலக்கூறோடு இருப்பது, மூலக்கூறு எடை 372.24, அதுதான் வேண்டும். வெறும் ஈடிடிஏ அமிலம் என்று ஒன்று வரும், எடை 292.24. அது கரைவதற்குள் உங்கள் பொறுமையும் சோடியம் ஹைட்ராக்சைடும் தீர்ந்துபோகும்.

தண்ணீர் காய்ச்சி வடித்ததாகவோ அயனி நீக்கியதாகவோ இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர் இரண்டும் கூடாது. சென்னையில் போர்வெல் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று அங்கே பக்கெட்டில் படியும் வெள்ளைப் படலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கால்சியமும் மெக்னீசியமும் ஈடிடிஏ-யைப் பிடித்துக்கொண்டால் அது செய்ய வேண்டிய வேலையைச் செய்யாது. அதன் வேலை என்னவென்றால், டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸ் நொதிகளுக்கு மெக்னீசியம் போன்ற உலோக அயனி தேவை, அந்த அயனியை ஈடிடிஏ கவ்விக்கொண்டால் நொதி முடங்கிவிடும்.

ஈடிடிஏ-யை முதல் நாளே செய்து வையுங்கள்

டிஏஇ, டிபிஇ இரண்டுக்குமே 0.5 மோலார் ஈடிடிஏ, பிஹெச் 8.0, தேவைப்படும். அது தயாராக இல்லாமல் டிரிஸை எடை போட ஆரம்பிக்காதீர்கள். 500 மில்லிக்கு 93 கிராம் டைசோடியம் ஈடிடிஏ. அதை 400 மில்லி தண்ணீரில் போட்டு மேக்னடிக் ஸ்டிரரில் வையுங்கள். கரையாது. எவ்வளவு நேரம் சுற்றினாலும் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளையாகவே நிற்கும், பயப்படாதீர்கள், பிஹெச் 8-ஐ நெருங்கும்வரை அது கரையாது. சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், மொத்தம் ஏறக்குறைய 10 கிராம் பிடிக்கும். முதல் 8 கிராமைத் தைரியமாகப் போடலாம், அதற்கப்புறம் ஒவ்வொரு வில்லையாகப் போட்டு, கரையவிட்டு, மீட்டரைப் பார்த்து, அடுத்ததைப் போட வேண்டும். கடைசிக் கட்டத்தில் வில்லையை விட்டுவிட்டு 10 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் 8.0-ஐத் தாண்டிப் போகும் ஆபத்து குறைவு. கலங்கல் போய்க் கண்ணாடி மாதிரித் தெளிந்ததும் 500 மில்லிக்கு நிரப்புங்கள்.

சோடியம் ஹைட்ராக்சைடு வில்லை காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். கடலோர ஊர் ஆய்வகங்களில் எடைத் தட்டில் வைத்துவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் திரும்பி வரும்போது வில்லை வியர்த்து நனைந்திருக்கும். எடுத்தோம், எடை போட்டோம், பாட்டிலை மூடினோம் என்று இருங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், தோலில் பட்டால் வழவழவென்று இருக்கும், அது தோல் அரிக்கப்படுவதன் அடையாளம்.

ஈடிடிஏ ஒன்றில் மட்டும் பிஹெச்-ஐத் திருத்துகிறோம், டிஏஇ-யில் திருத்தக் கூடாது என்கிறோமே, ஏன்? ஈடிடிஏ-யைக் கரைப்பதற்கே அந்த பிஹெச் வேண்டும். அதோடு 1எக்ஸ் டிஏஇ-யில் வந்து சேரும் ஈடிடிஏ 1 மில்லிமோலார்தான், அதனோடு வரும் சோடியம் கணக்கில் வராத அளவு.

50எக்ஸ் டிஏஇ

ஒரு லிட்டருக்கு: டிரிஸ் பேஸ் 242 கிராம், கிளேசியல் அசிட்டிக் அமிலம் 57.1 மில்லி, 0.5 மோலார் ஈடிடிஏ 100 மில்லி, மீதி தண்ணீர். இதை 50 மடங்கு நீர்த்தால் டிரிஸ் 40 மில்லிமோலார், அசிட்டேட் 20 மில்லிமோலார், ஈடிடிஏ 1 மில்லிமோலார் வரும். இந்த மூன்று எண்களை மனதில் வைத்துக்கொண்டால் செய்முறைத் தாள் தொலைந்தாலும் கணக்குப் போட்டுவிடலாம்.

242 கிராமை எடை போடப் போகும்போதே முதல் தடங்கல் வரும். நான்கு தசம இடம் காட்டும் நுண்தராசு பெரும்பாலும் 200 கிராம், 220 கிராமோடு நின்றுவிடும். இரண்டு தசம இடம் காட்டும் பெரிய தராசு போதும், அரை கிராம் முன்னே பின்னே போனாலும் ஜெல்லுக்குத் தெரியாது. பெரிய தராசு இல்லையென்றால் இரண்டு தவணையாக 121, 121 என்று எடை போடுங்கள்.

ஒரு லிட்டர் பீக்கரில் 600 மில்லி தண்ணீர் எடுத்துக்கொண்டு அதில் டிரிஸைக் கொட்டிக் கலக்குங்கள். முழு ஒரு லிட்டர் தண்ணீரை எடுத்து அதில் எல்லாவற்றையும் போட்டுவிடாதீர்கள், 242 கிராம் தூளும் கூட வரும் 157 மில்லி திரவமும் இடம் பிடிக்கும், ஒரு லிட்டரைத் தாண்டி நிற்கும், செறிவு குறைந்துவிடும். புதிதாக வருபவர்களிடம் அடிக்கடி பார்ப்பது இது. டிரிஸ் கரையும்போது பீக்கரைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும், கரைவதற்கு அது வெப்பத்தை உள்ளே இழுக்கிறது. இந்தக் குளிர்ச்சியால்தான் கடைசிக் கொஞ்சம் கரையாமல் அடியில் சுற்றிக்கொண்டே இருக்கும், அவசரப்பட வேண்டாம். ஈடிடிஏ-யை விடுங்கள்.

அசிட்டிக் அமிலம் விடும்போது ஃப்யூம் ஹூட்டுக்குள் போய்விடுங்கள். அதன் நெடி மூக்கைப் பிளக்கும், ஆவி கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். மெல்ல மெல்ல விட்டால் இந்தத் தடவை பீக்கர் சூடாவது தெரியும், அமிலமும் காரமும் சேர்கின்றன அல்லவா. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கிளேசியல் அசிட்டிக் அமிலம் 16.6 டிகிரியில் உறைந்துவிடும். குளிர்காலக் காலையில் பாட்டிலுக்குள் ஐஸ் கட்டி மாதிரி இருந்தால் கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போடாதீர்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வையுங்கள், இளகிவிடும். ஹீட்டர் மேலோ தீயிலோ வைக்கக் கூடாது, அது எரியக்கூடிய திரவம்.

கலவை அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் அளவுக் குடுவையிலோ மெஷரிங் சிலிண்டரிலோ ஊற்றி ஒரு லிட்டருக்கு நிரப்ப வேண்டும், சூடாக இருக்கும்போது நிரப்பினால் ஆறியதும் கோடு கீழே இறங்கியிருக்கும். ஆட்டோகிளேவ் தேவையில்லை. இவ்வளவு செறிவான கரைசலில் பூஞ்சை வளர்வது அபூர்வம். தூசி மிதந்தால் 0.45 மைக்ரான் வடிகட்டியில் ஒரு தடவை ஓட்டலாம். அறை வெப்பத்தில் மாதக்கணக்கில் நிற்கும்.

இப்போது பிஹெச் பார்க்கலாம். திருத்துவதற்கு அல்ல, எடை சரியா என்று தெரிந்துகொள்ள. 20 மில்லியை ஒரு லிட்டராக நீர்த்து அளந்தால் 8.3-ஐ ஒட்டி, 8.2 முதல் 8.6 வரை எங்காவது காட்டும். 7-க்குக் கீழே காட்டினால் டிரிஸ் பாட்டில் மாறியிருக்கிறது அல்லது அமிலம் இரண்டு தடவை போயிருக்கிறது. 9-க்கு மேலே என்றால் அமிலம் போடவே மறந்திருக்கலாம். இரண்டிலும் வழி ஒன்றுதான், மறுபடி கலக்குங்கள். சில பழைய வகை எலெக்ட்ரோடுகள் டிரிஸ் கரைசலில் தள்ளாடிக்கொண்டே இருக்கும், எண் நிலைக்க நேரம் கொடுங்கள்.

அறை வெப்பமும் இதில் விளையாடும். டிரிஸ் வெப்பத்துக்கு ரொம்ப வளைந்து கொடுக்கும் பொருள், ஒரு டிகிரி ஏறினால் பிஹெச் ஏறக்குறைய 0.028 இறங்கும். கேட்கச் சின்ன எண்ணாகத் தெரிகிறது, ஆனால் 25 டிகிரியில் 8.3 இருக்கும் கரைசல் ஏசி ஓடாத மே மாத ஆய்வகத்தில் 32 டிகிரியில் 8.1 காட்டும், அதையே 4 டிகிரி குளிர் அறைக்குள் கொண்டுபோனால் 8.9-ஐத் தொடும். ஆக, வெயில் காலத்தில் 8.1 பார்த்துவிட்டு யாரோ தப்பாகக் கலக்கிவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

டிபிஇ

10எக்ஸ் ஒரு லிட்டருக்கு டிரிஸ் பேஸ் 108 கிராம், போரிக் அமிலம் 55 கிராம், 0.5 மோலார் ஈடிடிஏ 40 மில்லி. 1எக்ஸ் ஆக்கினால் டிரிஸ் 89 மில்லிமோலார், போரேட் 89 மில்லிமோலார், ஈடிடிஏ 2 மில்லிமோலார்.

டிரிஸை முதலில் கரைத்துவிட்டு அப்புறம் போரிக் அமிலத்தைப் போடுங்கள். வெறும் தண்ணீரில் போரிக் அமிலம் சோம்பேறி, அறை வெப்பத்தில் 100 மில்லிக்கு 5 கிராம் சொச்சம்தான் கரையும், டிரிஸ் ஏற்கெனவே இருந்தால் மளமளவென்று இறங்கிவிடும். கேரம் போர்டில் தூவுகிற போரிக் பவுடரும் இதே பொருள்தான், அதற்காகக் கடையில் வாங்கிவந்து போட்டுவிடாதீர்கள், ஆய்வகத் தரம் வேண்டும். வீட்டில் புழங்குகிற பொருள் என்பதால் சாதாரணமாக நினைக்கவும் கூடாது. இனப்பெருக்கத்தைப் பாதிக்கக்கூடிய பொருளாக ஐரோப்பிய ஒன்றியம் இதை வகைப்படுத்தியிருக்கிறது, தூள் பறக்காமல் எடை போடுங்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

10எக்ஸ் டிபிஇ-யில் ஒரு தொல்லை உண்டு. கொஞ்ச நாள் நின்றால் அடியில் வெள்ளையாகப் படிவு விழும், குளிர்ந்த இடத்தில் வைத்தால் இன்னும் சீக்கிரம் விழும். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து எடுத்து ஓட்டினால் செறிவு என்னவென்று யாருக்கும் தெரியாது. படிவு லேசாக இருந்தால் பாட்டிலோடு 37 டிகிரி வெந்நீரில் வைத்துக் கலக்கிப் பார்க்கலாம், முழுசாகக் கரைந்தால் சரி, இல்லையென்றால் கொட்டிவிடுங்கள். என்னைக் கேட்டால் முதலிலேயே 5எக்ஸ் கலக்கிவிடலாம்: டிரிஸ் 54, போரிக் அமிலம் 27.5 கிராம், ஈடிடிஏ 20 மில்லி. இடம் இரண்டு மடங்கு பிடிக்கும், ஆனால் படிவு விழுவது குறைவு. எதுவாக இருந்தாலும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்.

எதை எப்போது

அமில, காரக் கணக்கைப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்துவிடும். பிகேஏ என்பது ஒரு பொருள் பாதி அமிலமாகவும் பாதி காரமாகவும் நிற்கும் பிஹெச், அதை ஒட்டித்தான் அது பிஹெச்-ஐ நன்றாகத் தாங்கும். டிரிஸின் பிகேஏ 25 டிகிரியில் 8.06. போரிக் அமிலத்தின் பிகேஏ 9.24. நாம் ஓட்டும் பிஹெச் 8.3 இரண்டுக்கும் நடுவே இருப்பதால் டிபிஇ-யில் இரண்டு பேரும் தாங்குகிறார்கள். டிஏஇ-யில் அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ 4.76, 8.3-இல் அதனால் எதையும் தாங்க முடியாது, அங்கே டிரிஸ் தனியாளாக நிற்கிறது, அதுவும் பாதிச் செறிவில். மின்சாரம் ஓடும்போது எதிர்முனையில் காரமும் நேர்முனையில் அமிலமும் உண்டாகிக்கொண்டே இருக்கும். டிஏஇ இதைக் கொஞ்ச நேரம்தான் தாங்கும். இரவு முழுக்க ஓட்டுகிற ஜெல் என்றாலோ சின்னத் துண்டுகளைப் பிரிக்கிற ஜெல் என்றாலோ டிபிஇ.

அப்படியென்றால் டிபிஇ-யையே எப்போதும் ஓட்டலாமே? ஜெல்லில் இருந்து பேண்டை வெட்டி எடுத்து லைகேஷன் (லைகேஸ் நொதியால் டிஎன்ஏ துண்டுகளை ஒட்டுவது), குளோனிங் என்று போகிறவர்கள் டிஏஇ-யில் ஓட்டுவதுதான் வழக்கம். போரேட் சர்க்கரைகளோடு ஒட்டிக்கொள்ளும், அகரோஸும் சர்க்கரைதான், ஜெல்லில் இருந்து டிஎன்ஏவை மீட்கும் கிட்டில் வரும் கரைசலில் டிபிஇ ஜெல் கரைய அடம்பிடிக்கும், கூடவே வந்த போரேட் லைகேஸ் மாதிரி நொதிகளையும் தொல்லைப்படுத்தும். பெரிய துண்டுகளும் டிஏஇ-யில் நன்றாகப் பிரியும், கொஞ்சம் வேகமாகவும் ஓடும். பிசிஆர் வந்ததா இல்லையா என்று பார்க்கிற தினசரி ஜெல்லுக்கு எது கையில் இருக்கிறதோ அது, இதில் கட்சி கட்டிச் சண்டை போடுவது வீண்.

அகரோஸுக்கு டிபிஇ-யை 0.5எக்ஸ் ஆக ஓட்டினாலே போதும். 1எக்ஸ் பாலிஅக்ரிலமைடு ஜெல்லுக்கு. அகரோஸில் 1எக்ஸ் ஓட்டினால் ஓடத்தான் செய்யும், சூடும் காசும் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். டிரிஸே இல்லாமல் ஓட்டலாம் என்று 2004-இல் பிராடி, கெர்ன் இருவரும் எழுதினார்கள், 10 மில்லிமோலார் சோடியம் போரேட்டில். கடத்துதிறன் குறைவு என்பதால் சென்டிமீட்டருக்கு 35 வோல்ட் வரைகூட ஏற்றலாம், ஜெல் சீக்கிரம் முடிந்துவிடும். அவசரக்காரர்களுக்கு நல்ல வழி.

நீர்த்து, ஜெல் ஊற்றி, ஓட்டுவது

நீர்ப்பதற்குச் சூத்திரம் எல்லாம் தேவையில்லை. வேண்டிய மொத்த அளவை 50-ஆல் வகுத்தால் எடுக்க வேண்டிய 50எக்ஸ் டிஏஇ வந்துவிடும்: ஒரு லிட்டருக்கு 20 மில்லி, மூன்று லிட்டருக்கு 60, பத்து லிட்டர் கேனுக்கு 200. 10எக்ஸ் டிபிஇ-யில் இருந்து 0.5எக்ஸ் வேண்டுமென்றால் 20 மடங்கு, லிட்டருக்கு 50 மில்லி. 5எக்ஸ் வைத்திருந்தால் 100 மில்லி. கேனில் எத்தனை எக்ஸ், யார், எந்தத் தேதி என்று எழுதி ஒட்டுங்கள். எழுதாத கேன் இருக்கும் ஆய்வகத்தில், நீர்த்ததையே இன்னொருவர் மறுபடி நீர்ப்பதும், நீர்க்காத 50எக்ஸை அப்படியே தொட்டிக்குள் ஊற்றுவதும் சகஜம்.

ஜெல்லுக்குள் இருப்பதும் தொட்டிக்குள் இருப்பதும் ஒரே கேனில் இருந்து வர வேண்டும். இது ஒன்றை மட்டும் பிடிவாதமாகச் சொல்வேன். அகரோஸை வெறும் தண்ணீரில் காய்ச்சிவிட்டுத் தொட்டியில் டிஏஇ ஊற்றினால் ஜெல்லுக்குள் அயனி கிடையாது, டிஎன்ஏ தாறுமாறாக ஓடும். டிஏஇ ஜெல்லை டிபிஇ தொட்டியில் போட்டாலும் பேண்ட் மங்கும், அளவுக் கணக்கும் தப்பும்.

1% என்றால் 100 மில்லி 1எக்ஸ் பஃபரில் 1 கிராம் அகரோஸ், ஏறக்குறைய 500 பேஸ் இணை முதல் 10,000 வரை பார்க்கலாம். சின்னத் துண்டுகளுக்கு 2%, பெரியவற்றுக்கு 0.7%. மைக்ரோவேவில் காய்ச்சும்போது தண்ணீர் ஆவியாகிப் போகும், கூடவே பஃபரும் செறிவாகிவிடும், எனவே குடுவையை முன்னால் ஒரு எடை, பின்னால் ஒரு எடை போட்டுக் குறைந்த அளவுக்குக் காய்ச்சி வடித்த வெந்நீர் விடுங்கள். கையால் பிடிக்கிற அளவு, 60 டிகிரிக்குப் பக்கத்தில், ஆறியதும் ஊற்றுங்கள். டிஎன்ஏவை ஒளிரவைக்கும் எத்திடியம் புரோமைடு போடுவதாக இருந்தால் மில்லிக்கு 10 மில்லிகிராம் செறிவுள்ள கரைசலில் 5 மைக்ரோலிட்டர், 100 மில்லி ஜெல்லுக்கு. அது மரபணுவை மாற்றக்கூடிய பொருள், நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கையுறையோடு கதவுக் கைப்பிடியையும் போனையும் தொடாதீர்கள்.

லோடிங் சாயமும் வீட்டுச் சரக்காகவே செய்துவிடலாம். 6எக்ஸ், 10 மில்லி: புரோமோஃபீனால் புளூ 25 மில்லிகிராம், சைலீன் சயனால் 25 மில்லிகிராம், கிளிசரால் 3 மில்லி, மீதி தண்ணீர். கிளிசராலின் கனம்தான் மாதிரியைக் கிணற்றுக்குள் அமுக்குகிறது, சாயம் நம் கண்ணுக்காக. 0.5எக்ஸ் டிபிஇ 1% ஜெல்லில் புரோமோஃபீனால் புளூ 300 பேஸ் இணைத் துண்டோடும் சைலீன் சயனால் 4,000 பேஸ் இணைத் துண்டோடும் சேர்ந்து ஓடும், ஏறக்குறையதான்.

ஜெல்லுக்கு மேலே 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை பஃபர் நின்றால் போதும். தாராளமாக ஊற்றினால் மின்சாரம் ஜெல்லை விட்டுவிட்டு மேலே இருக்கும் கரைசல் வழியாகப் போய்விடும், டிஎன்ஏ நத்தையாக ஊரும். கிணறுகள் கறுப்பு முனை (எதிர்முனை) பக்கம், டிஎன்ஏ போக வேண்டியது சிவப்பு முனை (நேர்முனை) பக்கம். வோல்ட்டை ஜெல் நீளத்துக்கு அல்ல, இரண்டு பிளாட்டினம் கம்பிகளுக்கு இடையே உள்ள தூரத்துக்குக் கணக்குப் போடுங்கள்: சென்டிமீட்டருக்கு 5 வோல்ட் என்றால் 15 சென்டிமீட்டர் தொட்டிக்கு 75 வோல்ட். 8-க்கு மேலே போனால் சூடு பிடிக்கும்.

இயந்திரத்தைப் போட்டதும் மின்னோட்டம் எத்தனை மில்லிஆம்பியர் காட்டுகிறது என்று பாருங்கள், அதை நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் இருந்தால் உங்கள் தொட்டிக்கு இயல்பான எண் எது என்று தானாகத் தெரிந்துவிடும். வழக்கத்தைவிடப் பல மடங்கு காட்டினால் பஃபர் சரியாக நீர்க்கவில்லை. பூஜ்ஜியத்தை ஒட்டி நின்றால் மூடி சரியாக உட்காரவில்லை, கம்பி அறுந்திருக்கிறது, இல்லையென்றால் வெறும் தண்ணீரை ஊற்றியிருக்கிறீர்கள். இரண்டு கம்பியிலும் குமிழி வர வேண்டும், கறுப்புப் பக்கம் அதிகமாக வரும், அங்கே ஹைட்ரஜன், சிவப்புப் பக்கம் ஆக்சிஜன், ஒன்றுக்குப் பாதி.

ஒருதடவை ஓட்டிய பஃபரைத் திரும்ப ஓட்டலாமா? இரண்டு மூன்று தடவை பரவாயில்லை, முடிந்ததும் தொட்டியை ஆட்டி இரு பக்கத்தையும் கலந்துவிட்டால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். டிஏஇ தீர்ந்துபோனதற்கு ஒரு நல்ல அறிகுறி, சிவப்பு முனையை நெருங்கும் நீலச் சாயம் பச்சையாகி மஞ்சளுக்குப் போவது. புரோமோஃபீனால் புளூ அமிலத்தில் மஞ்சளாகும், அதாவது அந்தப் பக்கம் பிஹெச் 4-ஐ நோக்கி இறங்கிவிட்டது. பேண்டை வெட்டி எடுக்கப் போகிற ஜெல்லுக்கு மட்டும் எப்போதும் புதுசுதான்.

ஆர்என்ஏ ஓட்டுபவர்கள் கவனிக்க: ஆர்என்ஏவை வெட்டும் ஆர்என்ஏஸ் நொதியை முடக்கப் போடுகிற டிஇபிசி-யை டிரிஸ் உள்ள கரைசலில் நேராகப் போடக் கூடாது, டிரிஸின் அமீன் அதைத் தின்றுவிடும், ஆர்என்ஏஸ் அப்படியே உயிரோடு இருக்கும். தண்ணீரை முதலில் டிஇபிசி போட்டு, ஆட்டோகிளேவ் செய்து, அந்தத் தண்ணீரில் புதிதாகத் திறந்த டிரிஸைக் கரையுங்கள்.

புரத ஜெல்லுக்கு

எஸ்டிஎஸ் பேஜ் (எஸ்டிஎஸ் என்ற சோப்பு கலந்து பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் புரதத்தைப் பிரிப்பது) ஓட்டும் பஃபரும் இதே குணம்தான். 10எக்ஸ் ஒரு லிட்டருக்கு டிரிஸ் பேஸ் 30.3 கிராம், கிளைசின் 144 கிராம், எஸ்டிஎஸ் 10 கிராம். பிஹெச் தானாக 8.3-இல் நிற்கும், தொடாதீர்கள். இங்கே அமிலம் விட்டால் சூடு மட்டுமல்ல, லெம்லி முறையில் குளோரைடு முன்னாலும் கிளைசின் பின்னாலும் ஓடித்தான் புரதத்தை மெல்லிய கோடாக அடுக்குகின்றன, அந்த வரிசையே குழம்பிவிடும். எஸ்டிஎஸ்-ஐக் கடைசியில் போடுங்கள், இல்லாவிட்டால் நுரையில் அளவுக் கோடு தெரியாது. தூள் மூக்கில் ஏறினால் தும்மி மாளாது, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் ஜெல்லுக்குள் போகும் பஃபர்கள் வேறு ரகம். கீழ் ஜெல்லுக்கு 1.5 மோலார் டிரிஸ், பிஹெச் 8.8, லிட்டருக்கு 181.7 கிராம். மேல் ஜெல்லுக்கு 0.5 மோலார், பிஹெச் 6.8, லிட்டருக்கு 60.6 கிராம். இவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பிஹெச்-ஐத் திருத்தியே ஆக வேண்டும், குளோரைடு அங்கே வேண்டிய விருந்தாளி. அமிலம் விட்டதும் கரைசல் சூடாகும், சூட்டில் டிரிஸ் பிஹெச் குறைத்துக் காட்டும் என்று மேலே பார்த்தோம், ஆறவிட்டுத்தான் கடைசித் திருத்தம். சோடியம் ஹைட்ராக்சைடுக்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு எதிலும் வேண்டாம், பொட்டாசியம் எஸ்டிஎஸ்-ஐக் கண்டதும் தயிர் மாதிரித் திரித்துக் கீழே தள்ளிவிடும்.

வேலை முடிந்ததும் எத்திடியம் கலந்த பஃபரைத் தொட்டியோடு சிங்கில் கவிழ்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிளீச்சிங் கரைசல் ஊற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள், நிறம் போகும், ஆனால் உண்டாகும் பொருள்களிலும் மரபணுவை மாற்றும் தன்மை இருக்கக்கூடும் என்பதால் அந்த முறை வேண்டாம். ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு ஊறவைத்து வடிகட்டி, கார்பனையும் ஜெல்லையும் உங்கள் நிறுவனத்தின் அபாயக் கழிவுப் பையில் சேருங்கள். எத்திடியம் படாத டிஏஇ என்றால் தாராளமாகத் தண்ணீர் விட்டு சிங்கில் ஊற்றலாம், டிபிஇ-க்கு உங்கள் ஆய்வக விதி என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு ஊற்றுங்கள், போரேட் செடிகொடிகளுக்கு ஆகாது.